முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

கேள்வி: என் வீட்டு ஏசி அறையில் ஒரு ஜோடி ஆக்சலோட்டல் (தண்ணீரிலேயே வாழும் மெக்சிகோ சாலமாண்டர்) வளர்க்கிறேன். தொட்டிச் செடிகளில் நானூறு முட்டைக்குக் குறையாமல் ஒட்டிக்கிடந்தன. இப்போது நாளுக்கு ஐம்பது, அறுபது என்று பொரிகின்றன. மீன் கடைக்காரர் தூள் தீவனம், உலர்ந்த புழு, வைட்டமின் சொட்டு, பூஞ்சை மருந்து என்று ஆறாயிரம் ரூபாய்க்குப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். எதை வாங்குவது, எதை விடுவது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இன்றைக்கு அந்தப் பட்டியலில் எதையுமே வாங்க வேண்டாம். கடைக்காரர் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன்: இவற்றில் எத்தனை குஞ்சுகளை உங்களால் வளர்க்க முடியும்? நானூறு என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டேன். தினமும் இரண்டு வேளை தீனி, தினமும் தண்ணீர் மாற்றம், வாரந்தோறும் அளவு பார்த்துப் பிரித்தல் என்று இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். வேலைக்குப் போய்வரும் ஒருவர் முப்பது, நாற்பது குஞ்சுகளை நன்றாக வளர்க்கலாம். நானூறை வைத்துக்கொண்டால் தினம் செத்ததைப் பொறுக்குவதே வேலையாகிவிடும்.

ஒரு முறைக்கு நூற்றிலிருந்து ஆயிரம் வரை முட்டையிடும் உயிரினம் இது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் நல்ல மனதிலிருந்து வருவதுதான். ஆனால் அதன் முடிவு குஞ்சுகளுக்குக் கொடுமை. அடுத்த முறை முட்டையிட்ட முதல் ஓரிரு நாளிலேயே, உள்ளே கரு உருவம் எடுப்பதற்கு முன்பே, வேண்டியதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் உறையவைத்து அகற்றிவிடுங்கள். ஜோடியையும் உடனே பிரித்து வையுங்கள். பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஓய்வு வேண்டும்.

இப்போது தீனிக்கு வருகிறேன். பொரித்த குஞ்சு ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய நீளம்தான் இருக்கும். முதல் இரண்டு, மூன்று நாள் வயிற்றில் மீந்திருக்கும் மஞ்சள் கருவே அதற்குப் போதும். அந்த நாட்களில் எதைப் போட்டாலும் தண்ணீர்தான் கெடும். அதன் பிறகும் அசைவதை மட்டுமே அது பிடிக்கும். தூள் தீவனம் அதன் மூக்குக்கு முன்னால் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்தத் தூள் அடியில் படிந்து அழுகி, அம்மோனியா ஏறி, மறுநாள் காலையில் பாதித் தொட்டி வெளுத்துக் கிடக்கும். உலர்ந்த புழுவும் அப்படித்தான். ஆகவே பட்டியலில் முதல் இரண்டும் போயிற்று. நோயே இல்லாத குஞ்சுக்கு மருந்து எதற்கு? கடைசி இரண்டும் போயிற்று.

வாங்க வேண்டியது ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டை. உப்புநீரில் ஒரே நாளில் பொரித்து, அந்தப் பொடி இறால்களை உயிரோடு கொடுக்க வேண்டும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது முக்கியம். நேரம் போகப் போக அவை தம் சத்தைத் தாமே தின்று தீர்த்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிய பிறகே கொடுங்கள். நல்ல தண்ணீரில் அவை சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அதனால் தின்றது போக மீதியை, ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சால் அன்றைக்கே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு கிராம் கணக்கு வேண்டாம். வெள்ளை பேசினில் குஞ்சுகளை விட்டு, தீனி கொடுத்து அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். உடம்பு கண்ணாடி போலத் தெரிவதால் தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு நிற்கும். தின்னாததன் வயிறு வெளிறி ஒட்டியிருக்கும். ஒட்டிய வயிற்றுக் குஞ்சுகளைத் தனி டப்பாவுக்கு மாற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு வேளைகூட இந்தச் சோதனையை விடாதீர்கள். எந்த டானிக்கைவிடவும் அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றுவது இதுதான்.

முன்கால் முளைக்கும் கட்டம் வந்தால் இன்னொரு தொல்லை தொடங்கும். பக்கத்தில் எது அசைந்தாலும் கவ்வும், அது கூடப் பிறந்ததன் காலாக இருந்தாலும் சரி. போன கால் திரும்ப வளர்ந்துவிடும் என்பது உண்மை. அதற்காக நெருக்கி வைக்கலாம் என்று ஆகாது. பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் பிரித்து வையுங்கள். தொட்டி வாங்காதீர்கள், சாப்பாட்டுப் பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி வைத்தாலே போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கத் தயோசல்பேட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை.

ஐந்து சென்டிமீட்டரை எட்டியதும் நறுக்கிய மண்புழுவுக்கு மாற்றலாம். மண்புழு உரம் தயாரிப்பவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். ஐசீனியா என்ற சிவப்புப் புழு, தொந்தரவு செய்தால் கசப்பான மஞ்சள் நீரைக் கக்கும். வாயில் போட்டதையே குஞ்சு துப்பிவிடும். யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழு கிடைத்தால் அதை வாங்குங்கள்.

வாய்க்காலிலும் வயலோரக் குட்டையிலும் தண்ணீர்ப் பூச்சி இலவசமாகக் கிடைக்கிறதே என்று வலை போடாதீர்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து குறுவை நட்டுவிட்டால், வயல்களில் அடிக்கும் பூச்சிமருந்தெல்லாம் வடிந்து அங்கேதான் சேருகிறது. தோல் வழியாகவே தண்ணீரில் இருப்பதை உள்வாங்கும் உயிரினம் இது. சாக்கடையில் அள்ளிவந்து விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவுக்கும் இதே காரணத்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: 100 கிராம் ஆர்ட்டீமியா பாக்கெட் 600 ரூபாய்க்குக் கிடைத்தது. பாதிகூடப் பொரியவில்லை. கடையில் கேட்டால் “உங்கள் உப்பு சரியில்லை” என்கிறார்கள். யார் பக்கம் தப்பு?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பு சரியில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது! அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம். ஒரு சிட்டிகை சமையல் சோடா. அடியிலிருந்து கொதிப்பதுபோல் காற்று வர ஏர் பம்ப். மேலே ஒரு விளக்கு. 28 டிகிரி வெப்பம் நம் ஊரில் கேட்காமலே கிடைக்கும். இவை அனைத்தும் சரியாக இருந்து 24 மணி நேரம் கழிந்த பிறகு, காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடு மேலே மிதக்கும், பொரித்தவை ஆரஞ்சு நிறத்தில் கீழே, வெளிச்சம் விழும் பக்கம் கூடும். அடியில் பழுப்பு நிறத்தில் முட்டையாகவே தங்கினால் சரக்குதான் கெட்டது.

பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், பெரிய டப்பாவை உடைத்துச் சிறிய கவர்களில் அடைத்து விற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒரு மாதம் அந்தக் கவர் தொங்கினால் முட்டை ஈரம் இழுத்துப் பாழாகும். விலையை மட்டும் பார்க்காமல் பொரிப்பு விகிதத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உங்கள் 600 ரூபாய் பாக்கெட் 40 சதவீதம் பொரித்தால், ஒவ்வொரு சதவீதத்துக்கும் 15 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். 900 ரூபாய்க்கு வாங்கி 90 சதவீதம் பொரித்தால் 10 ரூபாய்தான். மலிவு என்று வாங்கியதுதான் கையைக் கடித்திருக்கிறது. நல்ல சரக்கில் ஒரு கிராமிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் பொரிக்கும், எனவே சில்லறை வளர்ப்பாளருக்கு 50 கிராம் சீலிட்ட டப்பா தாராளம்.

உங்கள் பாக்கெட்டில் நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, அடைத்தவர் முகவரி இருக்கின்றனவா? 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அவை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையின் மாவட்ட அமலாக்க அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பணம் திரும்பப் பெற முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன சோதனையைக் கண்ணாடி பாட்டிலில் செய்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது வாங்கினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. ரசீது இல்லாவிட்டால் யுபிஐ பணப் பதிவையாவது பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஆக்சலோட்டல் தொட்டியின் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பதில் மின்விசிறி வைத்துச் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: முடியாது. இந்த உயிரினம் மெக்சிகோ நகரத்தில் உள்ள சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்களைச் சேர்ந்தது. 16 முதல் 18 டிகிரிதான் அதற்கு இதம், 24ஐத் தாண்டினால் அவதி. சித்திரையில் நம் வீட்டுத் தண்ணீர் 30ஐத் தொடும். விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், கடலோரப் புழுக்கத்தில் அதுவும் வராது. சில்லர் வாங்கும்போது “எத்தனை லிட்டர்” என்று மட்டும் கேட்காதீர்கள், “அறை 34 டிகிரியில் இருந்தால் தண்ணீரை 18க்கு இறக்குமா” என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 200 வாட் இயந்திரம் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 144 யூனிட் கூடும். குஞ்சு டப்பாக்களில் நேராகக் குழாய் விடாதீர்கள், குஞ்சுகளை உறிஞ்சிவிடும். அகலமான தொட்டியில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அதில் டப்பாக்களை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: 200 ஆக்சலோட்டல் குஞ்சு, டப்பா, தீனி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கட்டினால், மூன்று மாதத்தில் வளர்ந்ததை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒருவர் என் தம்பியிடம் பேசியிருக்கிறார். அறுவடைப் பணத்தைப் போட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை விட்டுவிட்டு நின்றதை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். அங்கேயும் இதே பேச்சுதான்: குஞ்சு நாங்கள் தருகிறோம், தீனி நாங்கள் தருகிறோம், நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

அவன் அந்த ஆளிடம் ஒன்றைக் கேட்கட்டும். ஒரே பெண் ஒரே முறையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்போது, உன்னிடமே இவ்வளவு குஞ்சு கிடக்கும்போது, என்னிடம் ஏன் விலை கொடுத்து வாங்குகிறாய்? குளிர்ந்த அறையும் சில்லரும் வைத்திருக்கும் வாடிக்கையாளர் நம் மாநிலத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அசல் வியாபாரம் குஞ்சு விற்பது அல்ல, உங்கள் தம்பிக்கு விற்பதுதான்.

காகிதமும் பாருங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலோட்டல் உள்ளது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த பதிவு விதிகளும், இப்படிப்பட்ட விலங்கை வைத்திருப்பவர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பிறப்பையும் கைமாறுவதையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பதிவு எண் காட்டாதவரிடம் ஒரு குஞ்சுகூட வாங்கக் கூடாது. கும்பகோணத்து வாசகருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கருதாது. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே என்று நிரூபித்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்தச் சுமை உங்கள் தம்பி தலையில் விழும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட முடியும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

கேள்வி: மிஞ்சிய குஞ்சுகளைக் கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடவே கூடாது. அந்த வெந்நீரில் அவை துடித்துச் சாகும், அவற்றோடு போகும் நோய் நம் தவளைகளைப் பிடிக்கும். பதிவு பெற்ற வளர்ப்பாளரிடம் முறையாக எழுதிக் கொடுங்கள். பிழைக்காது என்று தெரிந்த குஞ்சு என்றால், உயிரோடு ஃப்ரீசரில் வைக்காமல் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். வலியில்லாமல் முடிக்க அவர்களுக்கு மருந்து உண்டு.