விழுந்தபின் வலி குறையவில்லையா? ஏ.எஸ். உள்ளவர்களின் முதுகுத்தண்டு முறிவு: கேள்வி-பதில்

முதுகெலும்பு மூட்டுகளை இறுக வைக்கும் வாத நோயான அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், சுருக்கமாக ஏ.எஸ்., உள்ளவர்களின் வீட்டிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கு நேரடியாகப் போய்விடுகிறேன், அதில் வரும் அப்பா காத்திருக்கக் கூடாது.

அப்பாவுக்கு 61 வயது, ஏ.எஸ். வந்து 30 வருஷம் ஆகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பத்து நாளாகியும் கழுத்தடி வலி போகவில்லை. பழைய வலிதானே டாக்டர்?

பழைய வலி என்று விட்டுவிடாதீர்கள், இன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஏ.எஸ். முற்றிய ஒருவர் விழுந்தபின் புதிதாக ஒரு வலி வந்தால், இல்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை அதை முறிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தடியாகிவிட்டிருக்கும். எக்ஸ்ரேயில் மூங்கில் போலத் தெரிவதால் மூங்கில் தண்டு என்கிறோம், ஆனால் மூங்கிலைப் போல வளைந்து கொடுக்கும் தன்மை இதற்குக் கிடையாது. உள்ளே எலும்பும் தேய்ந்து பலவீனமாகியிருக்கும். அதனால் மற்றவர்கள் தடவிவிட்டு எழுந்து போகிற ஒரு சறுக்கலிலேயே இவர்களுக்கு சாக்பீஸ் மாதிரி குறுக்கே முறிந்துவிடும். அதிகம் முறிவது கழுத்தின் அடிப்பகுதி. எக்ஸ்ரேயில் சரியாக அந்த இடத்தைத்தான் தோள்பட்டை மறைக்கும். கழுத்தோடு நிறுத்தாமல் முழு முதுகுத்தண்டுக்கும் சி.டி. கேளுங்கள், ஒரே விழுகையில் இரண்டு இடத்தில் முறிந்திருப்பதும் உண்டு. சி.டி.யிலும் தெரியவில்லை, வலி மட்டும் நிற்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ.

ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். பல வருஷமாக அசையாத கழுத்து விழுந்தபின் கொஞ்சம் அசைகிறதா, தலை முன்பைவிட நிமிர்ந்தோ தாழ்ந்தோ இருக்கிறதா? சில வீடுகளில் இதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், கழுத்து இளகிவிட்டது என்று. அது இளகியதில்லை, முறிந்த இடம் அசைகிறது.

கூட்டிப் போகும்போது தயவுசெய்து தலையை நேராக்காதீர்கள். கூன் விழுந்த கழுத்தைத் தட்டையான பலகையில் படுக்க வைத்தால் முறிவு வாய் திறந்துகொள்ளும், தண்டுவடம் நசுங்கும். நடந்து வந்தவர் கைகால் விழுந்து போவது இப்படித்தான். வழக்கமான கழுத்துப் பட்டையும் சிலருக்குத் தலையைப் பின்னால் தள்ளி இதே கெடுதலைச் செய்யும். ஒரு பெரியவரை அவருடைய மனைவி கூட்டி வந்தது எனக்கு மறக்கவில்லை. இரண்டு தலையணை, அதற்கு மேல் நான்காக மடித்த ஒரு வேட்டி, வீட்டில் அவர் எந்த உயரத்தில் தூங்குவாரோ அதே உயரம். ஸ்ட்ரெச்சரில் ஒருவர் தலையணையை உருவப் போனபோது அந்த அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. 108-இல் வருகிறவர்களிடமும், ஸ்கேன் அறையிலும், "இவருக்கு ஏ.எஸ்., கழுத்து பழையபடியே வளைந்துதான் இருக்கும், நேராக்காதீர்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் திரும்பச் சொல்லுங்கள்.

என் கணவருக்கு 54 வயது. கழுத்தில் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே முறிவு. கைகால் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஆபரேஷன் என்கிறார்கள், அதில் ஆபத்து அதிகம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நன்றாக இருக்கும் மனிதரை எதற்குக் கத்தியில் வைக்க வேண்டும்?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆபத்து அதிகம் என்பது உண்மை, மறைத்துப் பேச மாட்டேன். ஏ.எஸ். உள்ள 345 பேரின் முறிவுகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஓர் அலசல் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்திருந்தது, மூன்று மாதத்துக்குள் ஆறில் ஒருவர் இறந்திருந்தார். ஆபரேஷன் செய்தவர்கள், செய்யாதவர்கள் இருவரும் அந்தக் கணக்கில் உண்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வயது கூடக் கூட ஆபத்து கூடும், உங்கள் கணவரின் வயது அவருக்குச் சாதகம்.

சாதாரணமானவருக்குக் கழுத்தில் ஓர் எலும்பு முறிந்தாலும் சுற்றியுள்ள ஜவ்வுகள் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். ஏ.எஸ்.ஸில் அந்த ஜவ்வும் எலும்பாகி, எலும்போடு சேர்ந்தே முறிந்திருக்கும், முன்னும் பின்னும் பிடிக்க ஒன்றுமில்லை. மேலே ஒரு நீளத் தடி, கீழே ஒரு நீளத் தடி, நடுவில் தண்டுவடம். படுக்கையில் புரளும்போதுகூட நகரலாம். அப்புறம், முறிந்த எலும்பிலிருந்து கசிகிற ரத்தம் தண்டுவடத்தைச் சுற்றித் தேங்கி, இன்றைக்கு நன்றாக இருக்கும் கையை நாளைக்கு இழுத்துவிடலாம். கைகால் நன்றாக இருக்கும்போதே முறிந்த இடத்தை அசையாமல் நிறுத்திவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுவது இதனால்தான். போன பலம் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆபரேஷனில் என்னென்ன ஆகலாம்? ஆளைக் குப்புறப் படுக்க வைப்பதே முதல் கண்டம், அப்போது கழுத்து ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போதும். எலும்பு மிருதுவாக இருப்பதால் திருகாணி பிடிக்காமல் தளரலாம். அதனால் முறிவுக்கு மேலே மூன்று, கீழே மூன்று எலும்புகளாவது சேர்த்து நீளமாகப் பின்புறமிருந்து பொருத்துவார்கள், இரண்டு திருகாணியோடு முடிக்கிற வேலை இல்லை இது. தழும்பு நீளமாக இருக்கிறதே என்று பிறகு வருத்தப்படாதீர்கள். ரத்தம் கூடுதலாகப் போகும், புண்ணில் கிருமி தொற்றலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் நான் அதிகம் பயப்படுவது நுரையீரலுக்குத்தான். விலா எலும்புகள் முதுகெலும்போடு ஒட்டிப்போனதால் இவர்களின் மார்பு விரியாது, வயிற்றால்தான் மூச்சு விடுகிறார்கள். இன்று இரவு அவர் தூங்கும்போது பாருங்கள், மார்பு அப்படியே இருக்கும், வயிறு மட்டும் ஏறி இறங்கும். ஆபரேஷனுக்குப் பின் பலமாக இரும முடியாமல் சளி கட்டி, நிமோனியா வந்து, வென்டிலேட்டரில் சில நாள் இருக்க நேரலாம். அதனால் மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், புகை இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். சில ஏ.எஸ். நோயாளிகளுக்கு இதய வால்வு கசியும், இதயத் துடிப்பும் தடைபடும். ஆகவே எக்கோ, ஈ.சி.ஜி. இரண்டும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஏ.எஸ். முறிவுகளை முன்பு செய்திருக்கிறீர்களா என்றும் தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, விழித்திருக்கும்போதே தொண்டையில் குழாய் விடுவார்களாமே? நினைத்தாலே நடுங்குகிறது.

கேட்க அப்படி இருக்கும், ஆனால் உங்களுக்கு அதுதான் பத்திரமான வழி. வழக்கமாக மயக்கியபின் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறந்து குழாய் போடுவார்கள். உங்கள் கழுத்து சாயாது, தாடை மூட்டும் இறுகியிருந்தால் வாயும் திறக்காது, முறிந்த கழுத்தைச் சாய்க்கவும் கூடாது. அதனால் மூக்கையும் தொண்டையையும் மருந்தடித்து மரத்துப் போக வைத்து, கேமரா உள்ள மெல்லிய வளையும் குழாயைப் பார்த்துக்கொண்டே இறக்குவார்கள், நீங்களே மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். கசப்பாக இருக்கும், இருமல் வரும், வலி அவ்வளவாகத் தெரியாது. குழாய் போனதும் கைகாலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தூங்க வைப்பார்கள். மயக்க மருத்துவரை முந்தின நாளே பார்த்துப் பேசிவிடுங்கள்.

ஏ.எஸ்.ஸின் அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு நிறுத்தணுமா?

நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் அடுத்த ஊசி வர வேண்டிய சமயத்தில் வைத்துக்கொள்வார்கள். முறிவுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, கடைசி ஊசி என்றைக்குப் போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அடுத்ததைத் தள்ளிவைத்து, புண் ஆறித் தையல் பிரித்தபின், பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து, வாத நோய் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். பல வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும், அவற்றின் பெயரும் எழுதிக் கொடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அம்மாவுக்கு 78 வயது, இதயமும் பலவீனம். ஆபரேஷன் இல்லாமல் பட்டை போட்டோ, கட்டுக் கட்டியோ சமாளிக்க முடியாதா?

முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். எலும்பு நகராமல், நரம்பு பாதிக்காமல், மயக்கம் தாங்காத உடம்பாக இருந்தால் ஹாலோ எனப்படும் வளையத்தை மண்டையில் ஊசிகளால் பிடித்து மார்புச் சட்டத்தோடு இணைப்பது உண்டு. ஆனால் வயதானவர்களுக்கு அதுவே மூச்சையும் விழுங்குவதையும் சிரமமாக்கும். மாதக்கணக்கில் படுக்கை என்றால் நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப் புண் எல்லாம் வரிசை கட்டும். எலும்பு சேராமலே போய்விடுவதும் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது, சிறு துளைகள் வழியாகத் திருகாணி பொருத்துவது, ரத்தம் குறைவாகப் போகும். நெஞ்சு, இடுப்புப் பகுதி முறிவென்றால் அதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். நாட்டு வைத்தியக் கட்டு மட்டும் வேண்டாம், கைகால் எலும்பு வேறு, இது வேறு. இழுத்துச் சரிசெய்யப் போனால் தண்டுவடம் போய்விடும்.

சலூனில் முடி வெட்டியபின் கழுத்தில் சொடுக்கு எடுத்துக்கொள்வேன், சுகமாக இருக்கும். ஏ.எஸ். இருப்பது போன வருஷம்தான் தெரிந்தது. தொடரலாமா?

வேண்டாம், இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் மசாஜ் மெதுவாக என்றால் சரி, யாரும் கழுத்தை முறுக்கக் கூடாது.

எப்படியும் ஆபரேஷன் செய்கிறார்கள், அதோடு கூனையும் நிமிர்த்திவிடச் சொல்லலாமா? அண்ணன் 20 வருஷமாக ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருக்கிறார்.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சில சமயம் முறிந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்வு கிடைக்கும், அனுபவமுள்ளவர் நரம்பைக் கருவியால் கண்காணித்துக்கொண்டே அதைப் பயன்படுத்திக்கொள்வார். ஆனால் முறிவு நேரத்தில் முதல் வேலை, விழுவதற்கு முன் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்து இறுக்குவது. கூனை நிமிர்த்துவது எலும்பை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்துச் செய்கிற தனிப் பெரிய ஆபரேஷன், அதற்கென்று நரம்பு ஆபத்து தனியாக உண்டு. முதலில் இது ஆறட்டும். எலும்பு சேர்ந்து அவர் நடமாடத் தொடங்கியதும் அண்ணனையே கூட்டிக்கொண்டு போய், எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டும் என்பதை அவர் வாயாலேயே மருத்துவரிடம் சொல்ல வையுங்கள்.