டெஸ்ட் எடுக்காமலே 'வைரல்தான்' என்று டாக்டர் எப்படிச் சொல்கிறார்?

காய்ச்சல், இருமல் என்று போனால் டாக்டர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, டெஸ்ட்கூட எழுதாமல் வைரல் என்கிறாரே, அது வெறும் யூகம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாகக் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். யூகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு கேள்வியிலும் ஒரு கணக்கு ஓடுகிறது.

நீங்கள் உள்ளே வரும்போது எந்த வைரஸ் என்ற கேள்வியே என் மனதில் இருக்காது. தானாக நடந்து வருகிறாரா, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். குழந்தை என்றால் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவேன். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இதைத் தொட்டாலே வேக மூச்சு என்று அர்த்தம். (அழுகிற குழந்தையிடம் எண்ணினால் கணக்குத் தப்பும், அடங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.) மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் வைரஸின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, முதலில் ஆக்ஸிஜன் அளவு.

அது சரியாக இருந்தால் அப்புறம் கதை கேட்பது. எப்போது ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது? "மத்தியானம் நல்லாத்தான் இருந்தேன், சாயங்காலம் உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் என் மனது ஃப்ளூ பக்கம் சாயும். தொண்டை கரகரப்பில் தொடங்கி, மறுநாள் மூக்கு ஒழுகி, காய்ச்சல் பெரிதாக இல்லாமல் மெதுவாக வந்தால் சாதாரண சளி. அடுத்து, வீட்டில் வேறு யாருக்கு, அவருக்கு எத்தனை நாள் முன்னால்? இந்த இடைவெளியை நான் ரொம்ப மதிக்கிறேன். ஃப்ளூ தொற்றியவருக்கு 1 முதல் 4 நாளுக்குள் வெளிப்பட்டுவிடும், தட்டம்மைக்குச் சுமார் 10 நாளுக்கு மேல் ஆகும். தட்டம்மையும் முதல் சில நாள் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், சிவந்த கண் என்று சாதாரண வைரல் மாதிரியேதான் இருக்கும், தடிப்பு பிறகுதான் வரும். அதனால் தடுப்பூசி போடாத குழந்தை என்று தெரிந்தால் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். சந்தேகம் வந்தாலே போதும், தனி அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த வைரஸ் நோயாளி போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும், டெஸ்ட் முடிவு வரட்டும் என்று வரிசையில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் போய்விடும்.

வீட்டில் வேறு யாருக்கு என்ற கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வூஹானில் நடந்ததைச் சொல்லலாம். 2019 டிசம்பர் கடைசியில் ஜாங் ஜிஷியன் என்ற சுவாச நோய் மருத்துவரிடம் வயதான தம்பதி வந்தார்கள். இருவருடைய சிடி ஸ்கேனும் வழக்கமான நிமோனியா போல இல்லை. உடன் வந்த மகனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, இருந்தும் அவரையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதிலும் அதே மாற்றங்கள். ஃப்ளூ டெஸ்ட் நெகட்டிவ். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி படம், தெரிந்த காரணம் எதுவும் பொருந்தவில்லை, அப்படியென்றால் இது தொற்றுகிற ஏதோ ஒன்று. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவிய காலத்தைப் பார்த்தவர் அவர். 27ஆம் தேதியே மேலே தெரிவித்துவிட்டார். பின்னால் கோவிட் என்று நாம் அறிந்த நோயின் வைரஸ் அது, அப்போது அதற்குப் பெயரும் கிடையாது, டெஸ்ட்டும் கிடையாது.

இனி டெஸ்ட். நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ பரவிக்கொண்டிருந்த நேரம், நீரிழிவு உள்ள ஒரு பெரியவர், இரண்டு நாள் முன்னால்தான் பேரனுக்கு ஃப்ளூ உறுதியாகியிருந்தது. பெரியவருக்கு ராபிட் டெஸ்ட், அதாவது சில நிமிடங்களில் முடிவு சொல்லும் டெஸ்ட், நெகட்டிவ் வந்தது. நான் அதை நம்பி ஃப்ளூ மாத்திரை கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அந்த மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது, அவருக்கு நிமோனியாவும் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

எங்கே தப்பினேன் என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவல் உச்சத்தில், அவரைப் போன்ற 100 பேரில் 60 பேருக்கு ஃப்ளூ என்று வைத்துக்கொள்வோம். ராபிட் டெஸ்ட் அதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் பிடிக்கும் என்றால் 36 பேர் பாசிட்டிவ், 24 பேர் நழுவிவிடுவார்கள். ஃப்ளூ இல்லாத 40 பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் நெகட்டிவ் வரும். அதாவது நெகட்டிவ் வந்த அறுபத்துச் சொச்சம் பேரில் 24 பேருக்கு உண்மையில் ஃப்ளூ இருக்கிறது! அதே டெஸ்ட்டைப் பரவலே இல்லாத மாதத்தில், 100 பேரில் 2 பேருக்குத்தான் ஃப்ளூ என்ற நிலையில் எடுத்தால் தலைகீழாகிவிடும்: நெகட்டிவை நம்பலாம், பாசிட்டிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். டெஸ்ட் எடுக்கும் முன்னாலேயே எவ்வளவு சந்தேகம் இருந்தது என்று தெரியாமல் முடிவுத் தாளை மட்டும் படிக்க முடியாது, அந்தச் சந்தேகத்தின் அளவைத்தான் நாலு கேள்வியில் தேடுகிறோம். பிசிஆர் இன்னும் கூர்மையானது, ஆனால் கோவிட் ஆறிப் பல வாரம் கழித்தும் மிச்சம் மீதித் துணுக்குகளைக் காட்டிப் பாசிட்டிவ் சொல்லும், அப்போது இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, வைரலிலும் அந்த நிறம் வரும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் தெம்பாக இருந்து, மறுபடியும் காய்ச்சலோடு இருமல் கூடினால். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா ஏறிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். "மூணு நாள்ல குறையலைன்னா வாங்க" என்று டாக்டர் சொல்வதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள், காலம் போகப் போக நோய் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு பரிசோதனைதான்.

அடுத்த தடவை போகும்போது முதல் அறிகுறி தொடங்கிய தேதி, வீட்டில், வேலையிடத்தில் யாருக்கு இருந்தது, பாராசிட்டமால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வந்து உட்கார்ந்தால் தெர்மாமீட்டரில் காய்ச்சலே காட்டாமல் போகலாம்.