25-06 வாங்கலாமா? மானை விடுங்கள், குழலைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். சில வருடங்களாக 30-06 என்ற வகைத் தோட்டா போடும் ரைஃபிளில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். அதன் உதை தாங்க முடியவில்லை. விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்கிறது. உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், தான் வாங்கி வைத்திருக்கும் பழைய ரெமிங்டன் 700 ரைஃபிளை (25-06 தோட்டா போடுவது) குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கடைக்காரரோ, "அது செத்துப்போன தோட்டா, 6.5 கிரீட்மோர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இவ்வளவு சின்ன குண்டுக்கு மான் விழுமா? அடுத்த வருடம் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது. அதற்கும் இது போதுமா?

பதில்: மான் விழும். அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது: அந்த ரைஃபிள் இதுவரை எதைச் சுட்டது? அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் தோட்டா. 25-06 வேறு ஒன்றுமில்லை, உங்களிடம் இருக்கும் 30-06 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி, 0.257 அங்குலக் குண்டு பொருத்தியது. 1920 வாக்கில் நீட்னர் என்ற துப்பாக்கிக் கம்மியர் செய்து பார்த்தார். பிறகு சுமார் 50 வருடம் இது தனி ஆட்களின் கைவேலையாகவே இருந்தது. 1969இல்தான் ரெமிங்டன் நிறுவனம் கடைச் சரக்காக்கியது. வெடிமருந்து கிட்டத்தட்ட அதே அளவு, குண்டு மட்டும் இலேசு. அதனால் வேகம் அதிகம், உதை குறைவு. 100 கிரெய்ன் (சுமார் ஆறரை கிராம்) குண்டு வினாடிக்கு 3,200 அடிக்கு மேல் போகும், 117 கிரெய்ன் குண்டு சுமார் 3,000 அடி.

எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 30-06இன் உதை 20 அடி-பவுண்டுக்கு மேல். 25-06இல் அது 13க்குப் பக்கம். தோளுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் "தட்டையாகப் போகும்" என்று எல்லோரும் பெருமை அடிக்கிறார்களே, அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பை 200 கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் 25-06 குண்டு ஏழு அங்குலம்போல இறங்கும், 30-06 எட்டு அங்குலத்துக்குச் சற்றுமேல். ஒன்றரை அங்குலத்துக்காக யாரும் ரைஃபிள் மாற்ற வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட முடியும் என்பதற்காக மாற்றலாம். இந்தத் தோட்டாவில் மான் நின்ற இடத்திலேயே விழுந்தது என்று வேட்டைக்காரர்கள் சொல்வதில் பாதிப் பெருமை அந்தத் திறந்த கண்ணுக்குத்தான் சேர வேண்டும்.

பல வருடம் இதை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் குறைகளும் வரும். ஐம்பது கஜத்துக்குள் தோள் எலும்பில் பட்டால் இறைச்சி நிறையப் பாழாகும். மென்மையான குண்டு உள்ளேயே நொறுங்கி மறுபக்கம் வராமல் போனால், தரையில் ரத்தத் தடம் அதிகம் இருக்காது. புதர்க்காட்டில் தேட வேண்டியிருக்கும். சத்தமும் கூர்மையானது. உதையைக் குறைக்கும் மஸில் பிரேக் என்று ஒன்றை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தத் தோட்டாவுக்கு அது தேவையே இல்லை, காதுதான் போகும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில், 100 முதல் 120 கிரெய்ன் மான்குண்டு ஒன்று. இதற்கு மேல் வெள்ளைவாலுக்கும், ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்குக்கும் எதுவும் வேண்டாம்.

"செத்துப்போன தோட்டா" என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. கிரீட்மோர் நல்ல தோட்டாதான், 2007இல் வந்தது. ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் காற்றில் அது குறைவாக விலகும், கடைகளில் பெட்டியும் எளிதாகக் கிடைக்கும். 25-06 கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். பருவம் தொடங்கும் வாரத்தில் தேடினால் கிடைக்காது. இந்த ஊரில் தோட்டாக் கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரு புதுப் பெயரை இறக்கும், பழையதை எப்போதாவது ஒருமுறை செய்து அலமாரியை நிரப்பும், பிறகு "யாரும் கேட்பதில்லை" என்று அவர்களே சொல்லுவார்கள். இருக்காததை எப்படிக் கேட்பது? கோடையிலேயே ஒரே வகைக் குண்டில் ஏழெட்டுப் பெட்டி வாங்கி வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

சரி, குழலுக்கு வருவோம்.

30-06 அளவு மருந்தை அதைவிடச் சின்னத் துளை வழியாக எரித்து அனுப்புகிறது இது. தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தொடங்கும் இடத்தை 'தொண்டை' என்பார்கள். அந்தச் சூடெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. 1,500 முதல் 2,500 ரவுண்டுக்குள் துல்லியம் தளரத் தொடங்கும் என்பது பொதுவான அனுபவம். பயந்துவிடாதீர்கள். மான் வேட்டைக்கு மட்டும் வைத்திருப்பவர் வருடத்துக்கு இரண்டு பெட்டி, அதாவது 40 ரவுண்டு சுட்டால், 30 வருடத்தில் 1,200தான். குழல் அவரைவிட நன்றாக இருக்கும்.

ஆனால் இதே ரைஃபிளைப் பல பேர் ப்ரெய்ரி டாக் சுடவும் கொண்டுபோவார்கள். புல்வெளியில் வளை தோண்டி வாழும் சின்னப் பிராணி அது. ஒரே பகலில் நூறு, இருநூறு ரவுண்டு போகும், குழல் ஆறவே ஆறாது. அப்படி இரண்டு கோடை போன ரைஃபிளும், முப்பது வருட மான் ரைஃபிளும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சொல்லப்போனால் எரிந்த ரைஃபிள்தான் அதிகம் பளபளக்கும். ஏனென்றால் அது ஒரு தரகர் கையைத் தாண்டி வந்திருக்கும். துப்பாக்கிச் சந்தைகளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சிலரின் தொழிலே இது: எரிந்த குழலை மலிவாக வாங்கி, முன் நுனியில் இரண்டு மூன்று அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி, கட்டையை மெருகேற்றி, "ஒரு பெட்டிகூடச் சுடவில்லை" என்று விற்பது. நுனியைச் சீவினால் தொண்டை திரும்பி வராது. வேகம் வேறு குறையும். 25-06க்கு 24 அங்குலக் குழல் வேண்டும், டேப்பை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவர் யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், ரைஃபிளை உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்மியரிடம் (விற்பவருக்குத் தெரிந்தவரிடம் அல்ல) கொண்டுபோங்கள். செம்புப் படிவை முழுக்கக் கழுவியபின் போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராவைத் தொண்டைக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவாமல் பார்த்தால் படிவு வெடிப்பை மூடியிருக்கும், அதனால்தான் விற்பவர் பலர் கழுவுவதே இல்லை. உள்ளே வறண்ட கண்மாய்த் தரைபோலக் கட்டம் கட்டமாக வெடித்து, வரிகளின் தொடக்கம் தேய்ந்துபோயிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புதுக் குழல் போட ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒரு சாதாரணப் புது ரைஃபிளின் விலை. இலேசான வெடிப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, இலக்குத் தாளில் சுட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ரெமிங்டன் 700 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் விசைத் தொகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, விசையை அழுத்தாமலே வெடிக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய வாக்கர் விசை மீதும் வருடக் கணக்கில் வழக்குகள் நடந்தன. 2020இல் நிறுவனம் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. பழைய ரைஃபிளை வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நடைமுறையில் யாருக்கும் இல்லை, கார் என்றால் எண்ணைத் தட்டிப் பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால் வேறு நிறுவனத்தின் நல்ல விசையைக் கம்மியரிடம் போடச் சொல்லுங்கள், சின்ன வேலைதான்.

உங்கள் வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இரண்டு தோட்டாவும் ஒரே குடும்பம் என்றேன். 30-06 தோட்டா 25-06 சேம்பருக்குள் போகாது. ஆனால் 25-06 தோட்டா உங்கள் 30-06 ரைஃபிளுக்குள் நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். 0.308 அங்குலக் குழலில் 0.257 குண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது, கழுத்துப் பகுதி கிழிந்து வாயு பின்பக்கம் வரலாம். ஒரே பையில் இரண்டையும் வைக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு ரைஃபிளையும் சுடும் இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும், யாரோ வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 131, 133 கிரெய்ன் நீளக் குண்டுகளை யாராவது பரிந்துரைத்தாலும் கேட்காதீர்கள், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள சாதாரண 25-06 குழலில் அவை நிலையாகச் சுழலாது.

இனி எல்க். இந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். கொலராடோ விதிப்படி எல்க் வேட்டைக்குக் குறைந்தது 0.24 அங்குல விட்டம், 85 கிரெய்ன் எடை, விரியும் வகைக் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி வேண்டும். 25-06 இதைத் தாராளமாகத் தாண்டுகிறது. அதனால் "சட்டப்படி போதும்" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் சட்டம் எடையைத்தான் நிறுக்கிறது, குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்பதில்லை. 87 கிரெய்னில் ப்ரெய்ரி டாக் போன்ற சின்னப் பிராணிகளுக்கென்றே மெல்லிய உறையுடன் செய்த குண்டுகள் உண்டு. அவை விரியும், 85ஐத் தாண்டும், சக்தியும் இருக்கும். எல்க்கின் தோளில் பட்டால் மேல்தசையிலேயே பொடியாகிவிடும், அந்த மிருகம் காயத்தோடு மலை ஏறிப்போய் எங்கோ சாகும். மறுபக்கம், பார்ன்ஸ் நிறுவனத்தின் 80 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு இருக்கிறது. அது நொறுங்காது, எடையை இழக்காமல் ஆழமாகப் போகும். அதைவிட 87 மோசமான குண்டு, ஆனால் கொலராடோவில் எல்க்குக்கு 87 கூடும், 80 கூடாது. மானுக்கும் ப்ராங்ஹார்னுக்கும் அங்கே 70 கிரெய்ன் போதும் என்பதால் அதே 80 அங்கே செல்லும். ஐந்து கிரெய்ன் என்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு! எழுதிய அதிகாரி ஒருநாளாவது எல்க்கைத் தேடிப் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஆக, எல்க்குக்கு இந்த ரைஃபிளையே கொண்டுபோவதென்றால் 100 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு, அல்லது உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டிய 115 - 120 கிரெய்ன் குண்டு. இருநூறு கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது, நுரையீரலில் மட்டும். கோணலாகத் திரும்பி நின்றால் சுடாதீர்கள். இதில் எல்க் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் காத்திருக்கத் தெரிந்தவர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஒரு வருடம் 25-06இல் மான் சுட்டுக் கண் மூடும் பழக்கத்தைப் போக்கிக்கொண்டு, எல்க்குக்கு அந்தப் பழைய 30-06ஐயே எடுத்துப்போவேன். நல்ல ரப்பர் தோள்பட்டை ஒன்றைப் பின்கட்டையில் பொருத்தினால் அந்த உதையும் பாதித் தொந்தரவுதான்.

கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும், டெக்சாஸில் வாங்கியது அங்கே செல்லும். வேட்டை உரிமக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் முதல் வாரத்தில் வரும், அதற்குள் சான்றைத் தேடி எடுத்து வையுங்கள்.