லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள் – பதில்

முதலீட்டுச் செயலி ஒன்றில் நீங்கள் போட்ட பணம் மூன்று மடங்காகத் தெரிகிறது, அதை எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வரி'யைக் கட்டாதீர்கள். கட்டினாலும் பணம் வராது. அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று வேறு பெயரில் கேட்பார்கள்.

செயலியில் தெரியும் அந்த மூன்று மடங்கு பெரும்பாலும் அவர்களே போட்டுவைத்த வெறும் எண். தொடக்கத்தில் சிறு தொகையை எடுக்க விட்டது தூண்டிலில் கோத்த புழு. அதை நம்பித்தானே பெரிய தொகையைப் போட்டீர்கள்?

சோதிக்க வேண்டுமானால், "வரியை என் லாபத்திலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று எழுதிப் பாருங்கள். முறையான நிறுவனம் வரியைப் பிடித்துக்கொண்டு தரும், அல்லது நீங்களே அரசுக்குக் கட்ட விட்டுவிடும். யாரோ ஒருவரின் கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. "விதி இடம் தராது, இன்றிரவுக்குள் கட்டுங்கள்" என்று விரட்டினால் அது மோசடிதான், சந்தேகமே வேண்டாம்.

வங்கிக்கு இப்போதே சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார். உரையாடல்களை அழித்துவிடாதீர்கள் (கோபத்தில் பலர் செய்வது அதுதான்). கடைசியாக அனுப்பியதை நிறுத்த வாய்ப்புண்டு, உறுதியில்லை. கிரிப்டோவாக (பிட்காயின் போன்ற இணைய நாணயமாக) அனுப்பியிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொன்று: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்டு யாராவது வருவார்கள். பல நேரம் அதே ஆட்கள்தான்.