கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

கேள்வி: எனக்கு 28 வயது. பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில் மட்டை அள்ளும்போது கிடைத்த நட்டுவாக்காலியை எட்டு மாதமாகக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறேன். தங்கையின் மூன்று வயது மகன் வரும்போது மட்டும், பாதுகாப்புக்காகப் பெட்டியை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண், தேள் போனால்தான் கல்யாணம் என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அந்தப் பெண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்து நகர்த்திய பெட்டியை, கண் தெரியாத அம்மாவின் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்களே, அது எப்படிப் பாதுகாப்பு? ராத்திரி எழுந்து, செருப்பைக் காலால் துழாவித் தேடுகிறவர் அவர்.

நட்டுவாக்காலி கொட்டினால் உயிர் போகாது என்பீர்கள். பெரும்பாலும் சரிதான். இரையை இடுக்கியாலேயே நசுக்கும் இந்தப் பெரிய கருந்தேளுக்கு விஷம் குறைவு, ஆளைக் கொல்வது விரல் நீளமே உள்ள செந்தேள். ஆனால் கொட்டியது கறுப்பா சிவப்பா என்று இருட்டில் உங்கள் அம்மா எப்படிப் பார்ப்பார்? விடியும்வரை சாகப்போகிறோம் என்றே நினைத்துக்கொண்டு கிடப்பார், அப்போதும் உங்களைக் கூப்பிட்டு எழுப்ப மாட்டார்.

'ஒன்றும் சொல்ல மாட்டார்' என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பெற்றவளிடம் பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு. இத்தனை வருடம் உங்களுக்காக எதெதற்கோ வாயை மூடிக்கொண்டவர் இதற்கும் மூடிக்கொள்கிறார். பெட்டி அங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

அந்தத் தேளுக்கும் அங்கே நிம்மதி இல்லை. தேளுக்குப் பார்வை மங்கல், கால்களால் அதிர்வை உணர்ந்துதான் உலகத்தை அறிகிறது. அம்மா புரண்டு படுக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தெரியும். இன்னொன்று, தோப்பில் பிடித்தது பெண்ணாக இருந்தால் வரும்போதே சினையாக இருந்திருக்கலாம். தேளின் சினைக்காலம் மாதக்கணக்கில் போகும். முட்டையிடாமல் குட்டிதான் போடும். வெள்ளை வெளேரென்று ஒரே தடவையில் பத்து இருபது, தாயின் முதுகில் ஏறி உட்காரும், முதல் தோலை உரித்தபின் இறங்கித் தனித்தனியாக நடக்கும். உங்கள் மூடியின் இடுக்கு அதற்குப் போதும்.

இன்றைக்கே பெட்டியை எடுங்கள், தங்கை மகன் வந்தபோதெல்லாம் அது எங்கே இருந்தது என்பதை உங்கள் வாயாலேயே அம்மாவிடம் சொல்லுங்கள். வரும் ஞாயிறு அதே தோப்பில், ஈர மண்ணும் மட்டையும் கிடக்கிற இடத்தில், சாயங்காலமாக விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை லீவு போட்டு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். புரைக்கு ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தேளுக்கு மண் காயாமல் பார்த்துக்கொண்ட உங்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

ஆபரேஷனுக்கு என்றைக்குத் தேதி கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.