சாத்திய கதவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் முதலாண்டு முடியப்போகிறது. பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். இங்கே வகுப்பில் நடுவில் எங்கோ கிடக்கிறேன். எடுத்த பாடப்பிரிவே தப்போ என்று தோன்றுகிறது. விடுதியிலும் ஒட்ட முடியவில்லை. எல்லாரும் மேலோட்டமாகவே பேசுகிறார்கள். நல்லவேளையாகப் பள்ளி நண்பர்கள் நால்வர் இருக்கிறார்கள். தினமும் இரவு சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிநேரமாவது வீடியோ காலில் பேசுவோம். அதுவும் இல்லையென்றால் எப்போதோ கிளம்பியிருப்பேன். பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அடிப்படைத் தாள்களை மட்டும் படித்துவிட்டு ஒரு துறையை வெறுக்க முடியாது. இரண்டாமாண்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மதிப்பெண் விஷயத்துக்கு அழ வேண்டியதே இல்லை. முதலாவதாக வந்தவர்களையே கூட்டி ஒரு வகுப்பாக்கினாலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்தது 'கதவைச் சாத்திக்கொண்டு' என்ற இடத்தில். நட்பு எப்படி உண்டாகிறது என்பதைத்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் கேட்டுக் கணக்கிட்டது அது. முகம் தெரிந்த ஒருவர் மேலோட்டமான நண்பராக ஆக ஏறத்தாழ 50 மணிநேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பராக 90. நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். அதிலும் வகுப்பிலோ வேலையிலோ கழியும் நேரம் அவ்வளவாக உதவுவதில்லை. சும்மா கூடி உட்கார்ந்து, கேலி பேசிச் சிரிக்கும் நேரம்தான் நெருக்கத்தைத் தருகிறது.

மேலோட்டமாகப் பேசுகிறார்கள் என்கிறீர்களே, முதல் 50 மணிநேரத்தில் வேறெப்படித் தம்பி பேசுவார்கள்? அந்த நால்வரும் முதல் நாளே மனதைத் திறந்து காட்டினார்களா? பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் எத்தனை மாலை வெட்டியாக நின்றிருப்பீர்கள்! அந்த வெட்டிப்பொழுதை இங்கே யாருக்கும் கொடுக்க மாட்டேன், ஆனால் நண்பன் மட்டும் வேண்டும் என்றால் என்ன நியாயம்? இரவுக்கு மூன்று மணிநேரம் என்றால் 200 மணிநேரத்துக்கு எழுபது இரவுகூட வேண்டாம்.

என் விடுதியில் எதிர் அறைக்காரன் வாயே திறக்காதவன். எனக்குத் தைக்கத் தெரியும் என்பதால் சட்டைப் பட்டன் அறுந்தால் கொண்டுவந்து நீட்டுவான். நான் ஊசியில் நூல் கோப்பதைக் கதவுநிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பான். தைத்துக் கொடுத்த பிறகும் போகமாட்டான். நானும் போகச் சொன்னதில்லை. அப்படி நின்று நின்றுதான் ஒருநாள் தன் அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னான். வீட்டில் யாரிடமும் சொல்லாத சிலவற்றை நானும் அவனிடம்தான் சொன்னேன். இன்றுவரை எனக்கு அவனைவிட நெருக்கமானவர் இல்லை. உங்கள் விடுதியிலும் அப்படி ஒருவன் இருப்பான். சாத்திய கதவைத் தட்டும் துணிச்சல் அவனுக்கு இருக்காது.

பள்ளி நண்பர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களும் முதலாண்டுதானே? உங்களோடு பேசும் அந்த மூன்று மணிநேரமும் அவர்களும் எங்கோ ஓர் அறையில் தனியாகத்தான் இருக்கிறார்கள். இதை அவர்களிடமே சொல்லி, இனி வாரத்துக்கு ஒருநாள் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.