பழைய தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் எப்படி வருகிறது?

ஏ.டி.எஸ்.எல். என்பது வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கும் தொலைபேசியின் செப்புக் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பும் முறை. பேச்சின் அதிர்வெண் (ஒரு வினாடியில் அலை எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) 4 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிட, தரவு ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் செல்வதால் இரண்டும் மோதுவதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலித்தாலும் காது பிரித்தறிவதைப் போல. இங்கே பிரிப்பது ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி: சுவரிலிருந்து வரும் கம்பியை அதன் ‘லைன்’ துளையிலும், ரவுட்டரை ‘மோடம்’ துளையிலும், தொலைபேசியை ‘ஃபோன்’ துளையிலும் செருக வேண்டும்.

ஹற்றன், பண்டாரவளைப் பக்கங்களில் கம்பி மலைப்பாதையோடு வளைந்து வந்தால், எதிரே தெரியும் எக்ஸ்சேஞ்சும் (தொலைபேசி நிலையமும்) கம்பிக் கணக்கில் தொலைவாகி, கம்பி நீள நீள சமிக்ஞை தேய்வதால் வேகம் குறையும். அதற்காகப் புது ரவுட்டர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

அழைப்பு வந்தால் இணையம் அறுந்துவிடும் என்பது தொலைபேசி அழைப்பு வழியாகவே இணையத்தில் இணைந்த டயல்-அப் காலத்து எண்ணம். இப்போதும் அறுந்தால், வீட்டில் ஏதாவது தொலைபேசி ஸ்பிளிட்டர் இல்லாமல் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.